வாய்க்கால் ஓரத்து வரிசை

சர்க்கரை ஆலையை மூடிய வருஷம் ஜிபாராவுக்கு வேலை போயிற்று. ஆலையின் சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதுதான் அவள் வேலை. சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டோடு லாரிகள் வருவது நின்றதும் குப்பிகளுக்கும் வேலையில்லை, அவளுக்கும் இல்லை. அவள் புருஷன் எசென் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவன். அவனும் வீட்டோடு வந்து சேர்ந்தான். ஒரே பிள்ளை மிர்லானைப் பள்ளியில் சேர்க்க வேண்டியதும் அந்த வருஷம்தான்.

செப்டம்பர் முதல் தேதி பள்ளி திறக்கும் அன்று எந்தப் பிள்ளையும் வாத்தியாருக்குப் பூ இல்லாமல் வெறுங்கையோடு போகாது. ரஷ்யாவுக்குத் தெற்கே, மலைகளுக்கு நடுவே இருக்கும் சூய் பள்ளத்தாக்கில் எந்த ஊரானாலும் அன்றைக்குக் காலையில் தெருவே பூவாக நடக்கும். ஜிபாராவின் முற்றத்தில் அப்போது இருந்தது ஒரு பசுவும் அதன் சாணமும்தான்.

பக்கத்து வீட்டுத் தமாரா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். ரஷ்யக்காரி, ஜிபாராவைவிடப் பத்து வயது மூத்தவள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஊரையே அதட்டிப் பழகிய குரல்.

"என்னடி, பையனை மொட்டையாவா அனுப்பப் போற?"

"பூ வாங்கற நிலைமையா அக்கா இப்ப?"

"யாரு வாங்கச் சொன்னா? கத்தியை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வா. தண்டை வெட்டும்போது கீழ நாலு இலையை விட்டு வெட்டணும். அடியோட வெட்டினா உன் கையை வெட்டிடுவேன். இலை இருந்தாத்தான் கீழ கிழங்கு கொழுக்கும்."

கிளாடியோலஸ். இடுப்பளவு உயரத்தில், வாள்போன்ற இலைகளுக்கு நடுவே ஒரே தண்டு. கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பூ விரியும். தமாராவிடம் வெள்ளையும் மஞ்சளும் உண்டு என்றாலும் அவளுக்குப் பெருமை அந்தக் கருஞ்சிவப்பில்தான். உச்சி வெயிலில் பார்த்தால் சிவப்பு, நிழலில் பார்த்தால் கறுப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை அவள் கைவிடாமல் பெருக்கி வந்தாள். மிர்லான் கையில் மூன்று தண்டு கருஞ்சிவப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். அவன் பள்ளி வாசலில் அதை வாளாகப் பாவித்து ஒரு பையனோடு சண்டை போட்டு, வாத்தியாரம்மாவிடம் மொட்டைத் தண்டை நீட்டினான்.

அந்த இலையுதிர்காலத்தில் தமாரா கிழங்குகளைத் தோண்டும்போது ஜிபாராவும் கூடப் போனாள். மண்ணை உதறிப் பார்த்தால் வசந்தத்தில் நட்ட கிழங்கு சுருங்கி வற்றிச் சக்கையாகக் கிடந்தது. அதன் தலைமேல் புதிதாக ஒரு கிழங்கு, பளபளவென்று, பழையதைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் இடையே பட்டாணி பட்டாணியாகக் குட்டிகள்.

"அப்ப நட்டது செத்துப் போச்சா?"

"ஒவ்வொரு வருஷமும் அது சாகும், புதுசு வரும். நீ பாட்டுக்குப் பழசைத் திருகி எடுத்து வீசிடு. சும்மா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காத, கூடையை எடு."

கிளம்பும்போது தமாரா ஒரு காலி டீத்தூள் பொட்டலத்தில் இரண்டு கைப்பிடி குட்டிக் கிழங்குகளை அள்ளிக் கொடுத்தாள். முதல் வருஷம் புல் மாதிரிதான் முளைக்கும், பூக்க மூன்று வருஷம் ஆகும் என்றாள். எசென் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தான்.

"பூக்கறதுக்கே மூணு வருஷமா? அதுவும் மாடுகூடத் தின்னாத பூ. நல்ல வேலை புடிச்சுக் குடுத்திருக்கா உன் அக்கா."

"மாடு தின்னாட்டி என்ன? மனுஷங்க வாங்குவாங்க."

வாங்கினார்கள். ஐந்தாறு வருஷத்தில் ஜிபாராவின் முற்றத்தில் நடைபாதை போக மிச்சமெல்லாம் கிளாடியோலஸ் ஆயிற்று. அவளுக்கு அதில் கை வந்துவிட்டது. வசந்தத்தில் ஜன்னல் ஓரம் கிழங்குகளைப் பரப்பி, தோலை உரித்து, முளை பச்சைகட்டும்வரை காத்திருப்பாள். பெரிய கிழங்காக இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளையும் கொஞ்சம் வேரடியும் இருக்கும்படி கத்தியால் பிளந்து, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தொட்டு வைப்பாள். குட்டிகளின் கெட்டி ஓட்டை நகத்தால் கீறி ஊறவைத்து, பட்டாணி விதைப்பதுபோல வரிசையாகத் தூவுவாள். முதல் உறைபனிக்கு முன்னால் எல்லாவற்றையும் தோண்டிக் காயவைத்து, பழைய நைலான் காலுறைகளில் நிரப்பி நிலவறையின் உத்தரத்தில் தொங்கவிடுவாள். கீழே இறங்குகிற எசெனின் தலையில் அவை இடிக்கும்.

"நிலவறையா இது, இல்ல பொம்பளைங்க காலு காயற கொடியா? ஊறுகாய் எடுக்க வந்தவன் வெக்கப்பட்டு ஓட வேண்டியிருக்கு."

ஆகஸ்ட் கடைசி வாரம் நெடுஞ்சாலை ஓரத்தில் தமாராவும் ஜிபாராவும் அடுத்தடுத்து வாளி வைத்து உட்கார்வார்கள். கார் நின்றால் போதும், இருவரும் ஒருவர் பூவை ஒருவர் இழித்துப் பேசுவார்கள். "அதை வாங்காதீங்க, சாயங்காலத்துக்குள்ள தலை தொங்கிடும்" என்பாள் தமாரா. "அவங்க சொல்றது அவங்க பூவைப் பத்தி" என்பாள் ஜிபாரா. கார் போனதும் இருவரும் ஒரே பிளாஸ்கிலிருந்து பால் டீ குடிப்பார்கள். எசெனுக்கு முதுகு போய் அவன் கட்டிலோடு கிடந்த வருஷங்களில் வீடு ஓடியது அந்த வாளியால்தான்.

மிர்லான் வளர்ந்தான். படிப்பு ஏறவில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், எந்த வேலையிலும் நிலைக்கமாட்டான். ஊரில் மற்ற இளைஞர்கள் போன வழியில் அவனும் மாஸ்கோ பக்கம் கட்டட வேலைக்குப் போனான். போனவன் மூன்று வருஷம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எப்போதாவது போன் பண்ணுவான். பாதிப் பேச்சில் "இந்தா, மேஸ்திரி கூப்பிடறான்" என்று வைத்துவிடுவான்.

நான்காம் வருஷம் வசந்தப் புத்தாண்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். அப்பாவுக்கு ஒரு தோல் தொப்பி. அம்மாவுக்கு ஓர் அட்டைப் பெட்டி.

"திறந்து பாரு. அசந்து போவ."

உள்ளே மரத்தூளுக்கு நடுவே கிழங்குகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பெட்டியின்மேல் படம் போட்டிருந்தது. விளிம்பில் வெள்ளைக் கரை ஓடிய ஊதாப் பூ, பாவாடை மடிப்பு மாதிரி சுருக்கம் சுருக்கமாக.

"ஹாலந்துக் கிழங்கும்மா. ரயில் ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தன் வித்தான். இது பூக்கட்டும், உன் தமாராக்கா பொறாமையில வெந்து சாம்பலாயிடுவா."

அந்தப் பிள்ளை அவளுக்கென்று ஒன்று வாங்கி வந்தது அதுதான் முதல் தடவை. ஜிபாரா ஒன்றைக் கையில் எடுத்தாள். பெரிதாக இருந்ததே தவிரக் கனமில்லை. தோலை உரித்தாள். வேரடிப் பக்கம் பழுப்பாக, குழிந்த ஒரு தடம். கட்டைவிரலால் அழுத்தினாள், லேசாக உள்ளே போயிற்று. இன்னொன்றை உரித்தாள். அதிலும் இருந்தது. மிர்லான் எதிரே குந்தி உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி?"

"ராஜா மாதிரி இருக்குடா" என்றாள்.

அவற்றைச் சாம்பலில் புரட்டி வைத்தாள். தமாரா வந்து பார்த்தாள். அவன் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்குப் போனபிறகு ஜிபாராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பையன் மனசை உடைக்க வேணாம். ஆனா தனியா நடு. கொல்லையில ஒரு பழைய தொட்டியில, வேற மண்ணுல. நம்மது பக்கத்துல போகக் கூடாது."

"சரிக்கா" என்றாள் ஜிபாரா. அப்படித்தான் செய்யவும் இருந்தாள்.

ஆனால் ஏப்ரல் கடைசியில் மிர்லானே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். பிறந்ததிலிருந்து அந்த முற்றத்தில் ஒரு குழி தோண்டாதவன். ரோட்டிலிருந்து வாய்க்கால் உள்ளே நுழைகிற இடம்தான் வேண்டும் என்றான். போகிற வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படவேண்டுமாம். அந்த வாய்க்கால் ஜிபாராவின் பாத்திகளைச் சுற்றி, வேலிக்கு அடியில் புகுந்து, தமாராவின் தோட்டத்துக்குப் போகிறது. ஜிபாரா அவன் பின்னாலேயே போய், "அங்க வேணாம்டா, வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிப் பார்த்தாள்.

"பூவுக்கு வெயில் வேணாமா? போம்மா, போய் டீ போடு."

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெட்டினான். முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்தான். அவள் டீயோடு திரும்பி வருவதற்குள் மூடி, காலால் மிதித்து, வரிசையின் இரண்டு முனையிலும் குச்சி நட்டிருந்தான். முகமெல்லாம் மண். தொப்பியோடு வெளியே வந்த எசென் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆட்டைப் புதைச்சியா, பூ நட்டியா?"

மே மாதத் தொடக்கத்தில் மிர்லான் திரும்பிப் போனான். பூத்தால் போட்டோ அனுப்பச் சொன்னான்.

ஜூன் நடுவில் அந்த வரிசை மஞ்சளடித்தது. முதலில் இலை நுனி, பிறகு நரம்புக்கு நரம்பு கோடாக இறங்கியது. பாதி முளைக்கவே இல்லை. முளைத்த பாதியும் ஒரு பக்கமாக முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. தமாரா வாய்க்காலைத் தாண்டி நேராக அங்கே வந்து நின்றாள்.

"பிடுங்குடி. மண்ணோட அள்ளி எரி. இது கிழங்கழுகல். ஒரு தடவை மண்ணுல இறங்கிச்சுன்னா வருஷக்கணக்குல போகாது. தண்ணி வேற இங்கேர்ந்துதான் போகுது."

"பூத்துடட்டும்கா. ஒரே ஒரு பூ. போட்டோ புடிச்சு அவனுக்கு அனுப்பிட்டு அன்னிக்கே பிடுங்கிடறேன்."

"உன் கிழங்கு எல்லாத்தையும் ஒரு போட்டோவுக்குக் குடுக்கப் போறியா?"

"போன் பண்ணா முதல்ல அதைத்தான் கேக்கறான் அக்கா. 'தலை காட்டிச்சா, தலை காட்டிச்சா'ன்னு. ஒரு மாசம் பொறுத்துக்கங்க."

தமாரா பொறுத்துக்கொண்டாள். தன் பக்கத்து வேலியடியில் மண்ணை அணைத்து, தன்னால் முடிந்தவரை தண்ணீரைத் திருப்பிவிட்டாள்.

ஜூலையில் போன் வந்தது. மிர்லானோடு ஒரே அறையில் தங்கியிருந்த பையன் எசெனைக் கூப்பிட்டான். சாரம் சரிந்துவிட்டது என்றான். மேலே மூன்று பேர் நின்றார்கள், மிர்லான் மட்டும்தான் போய்விட்டான் என்றான். எசென் போனைக் காதில் வைத்தபடி முற்றத்தில் வெகுநேரம் நின்றான். ஜிபாரா பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை என்பதைப் பார்த்துவிட்டு எழுந்தாள். 

உடல் விமானத்தில் வந்து சேர்வதற்குள் உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். இறந்தவனைக் கிடத்த முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்ப வேண்டும். கூடாரச் சட்டங்களை இறக்கிவைத்துவிட்டு எசெனின் அண்ணன் சபார் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்கப்பா போடறது? கால் வைக்க இடமில்ல, எல்லாம் பூவாக் கெடக்கு. வாய்க்கால் ஓரம் போட்டுடலாம். அதுதான் ரோட்டுக்குப் பக்கம், வர்றவங்களுக்கும் தோது. அந்த மஞ்சப் புல்லைப் பிடுங்கி எறிஞ்சாப் போதும்."

இரண்டு பேர் அந்தப் பக்கம் நடந்தார்கள். அதுவரை தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜிபாரா எழுந்து ஓடினாள்.

"அதைத் தொடாதீங்க! நடுவுல இருக்கறதைப் பிடுங்குங்க. அதெல்லாத்தையும் பிடுங்கிக்கங்க."

"அம்மா, அதுல மொட்டு கட்டியிருக்கு..." என்றான் ஒருவன்.

"பிடுங்குன்னா பிடுங்கு!"

பிடுங்கினார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் அவள் உரித்து, பிளந்து, சாம்பல் தொட்டு, குட்டிகளிலிருந்து வளர்த்தெடுத்த கருஞ்சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும் ஒரு மணி நேரத்தில் வேலியோரம் குவியலாயிற்று. மொட்டுகளில் அப்போதுதான் நிறம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மிதித்துச் சமமாக்கிய மண்மேல் கூடாரம் எழுந்தது. உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். வெளியே ஆண்கள் கோலில் சாய்ந்து குனிந்து, வருகிறவர்களைப் பார்த்துக் குரலெடுத்து அழுதார்கள். தமாரா வந்து ஜிபாராவைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் முறைப்படி அழ அவளுக்குத் தெரியாது. கூடவே உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளியே போய், குவியலிலிருந்து கருஞ்சிவப்புக் கிழங்குகளை மட்டும் அடையாளம் பார்த்துப் பொறுக்கித் தலைக்குட்டையில் கட்டி, தன் தோட்டத்தில் ஒரு மூலையில் நட்டுவைத்தாள். ஜிபாராவுக்கு ஒருநாள் திருப்பிக் கொடுக்கலாம் என்று.

ஆகஸ்டில் வாய்க்கால் ஓரத்து வரிசை பூத்தது. நான்கு தண்டுகள் வந்தன. மூன்றில் பூ கோணிக்கொண்டு, துவைத்துத் துவைத்துச் சாயம்போன துணிபோல வெளிறி விரிந்தது. ஒன்றே ஒன்று மட்டும் பெட்டிப் படத்தில் இருந்தது போலவே ஊதாவும் வெள்ளைக் கரையுமாக நின்றது. ஜிபாரா அதன் எதிரே குந்தி உட்கார்ந்தாள். போன் அவள் கையில்தான் இருந்தது. அவள் படம் எடுக்கவில்லை.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து உறவினர் போனபிறகு தமாரா வந்தாள். செத்தவனுக்காகப் பொரித்த மாவு உருண்டைகளின் எண்ணெய் வாசனை அடுப்படியில் இன்னும் இருந்தது.

"நாப்பது முடியட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன் ஜிபாரா. இப்பவாவது அதைப் பிடுங்கு. உனக்குக் கை வராதுன்னா நீ உள்ள போ, நான் பண்றேன்."

"அது அவன் நட்டது அக்கா."

"தெரியும்."

"அவன் கையால நட்டது இந்த உலகத்துலயே அது ஒண்ணுதான்."

"அது சீக்குடி. அவனில்ல. சீக்கு. என் தோட்டத்துக்கும் வரப்போகுது. பொண்ணு தூரத்துல ரஷ்யாவுல இருக்கா, இங்க எனக்கு இதைவிட்டா வேற எதுவும் இல்லடி. உனக்காவது புருஷன் இருக்கான்."

"அப்ப உங்க பூவுக்காக என் பிள்ளை வெச்சதை எரிக்கச் சொல்றீங்க."

தமாரா எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, "ஆமா, அப்படித்தான் வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் எசெனிடம் பேசியிருக்க வேண்டும். அடுத்த நாள் ஜிபாரா பால் கறந்துவிட்டு வரும்போது எசென் மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரம் நிற்பதைப் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் ஒரு செடியின் அடியில் வெட்டினான். மறுபடி வெட்டினான். பிறகு மண்ணில் மண்டியிட்டுக் கையால் துழாவினான். முதுகு போனவன், அப்படி உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

"எவ்வளவு ஆழத்துல வெச்சிருக்கான் பாரு, மடையன்" என்றான். "இதுல ஒண்ணைத் தலைகீழா வேற வெச்சிருக்கான். அதுவும் எப்படியோ வளைஞ்சு மேல வந்திருக்கு."

ஜிபாரா பக்கத்தில் போனாள். அவன் தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளி, கையால் தட்டி மூடிக்கொண்டிருந்தான்.

"என்னால முடியாது. அந்த அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றான்.

அவளும் போய்ச் சொல்லவில்லை.

உறைபனிக்கு முன்னால் அந்த வரிசையை ஜிபாராவே தோண்டி எடுத்தாள். எரிக்க அல்ல, வைத்துக் காப்பாற்ற. பழைய கிழங்கின்மேல் வந்திருந்த புதுக் கிழங்கிலும் அதே பழுப்பு. அழுகலைக் கத்தியால் சுரண்டி, மருந்துத் தண்ணீரில் முக்கி, சாம்பல் அப்பித் தனிக் காலுறையில் போட்டாள். கூடாரத்துக்காகப் பிடுங்கியதில் வேலியோரம் தப்பிக் கிடந்த கொஞ்ச நல்ல கிழங்குகளும் மற்றொரு காலுறையில் தொங்கின. கத்தி ஒன்றுதான். நிலவறையும் ஒன்றுதான். அவளுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவள் செய்ததில் பாதி, கை தானாகச் செய்தது.

வசந்தத்தில் மிர்லானின் கிழங்குகளில் பாதி கல்லாகச் சுருங்கியிருந்தது. மிச்சத்தைப் பிளந்து, துண்டு துண்டாக்கிப் பெருக்கப் பார்த்தாள். குட்டிகளை ஒன்றுவிடாமல் விதைத்தாள். போன வருஷம் நட்ட இடத்திலேயே, வாய்க்கால் தலைமாட்டிலேயே நட்டாள். எசென் அவளுக்குக் குழி வெட்டிக் கொடுத்தான், முழங்கை ஆழத்துக்கு. மே மாதம் முழுக்க இருவரும் காலையில் எழுந்ததும் முதலில் அங்கேதான் போனார்கள். முளை வந்தபோது எசென் வீட்டுக்குள் ஓடிவந்து கூப்பிட்டான். ஜூன் முடிவதற்குள் அத்தனையும் மஞ்சளாயிற்று. ஜூலையில் நடுப் பாத்தியிலிருந்த நல்லதும் மஞ்சளாயிற்று.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் புகை எழுந்தது. ஜிபாரா எட்டிப் பார்த்தாள். தமாரா தன் செடிகளைப் பிடுங்கி எரித்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் ஓரத்திலிருந்து ஆரம்பித்து முதலில் பாதித் தோட்டம். நோய் தண்ணீரில் வந்ததோ, குவியலிலிருந்து அவள் இரக்கப்பட்டுப் பொறுக்கிய கிழங்குகளில் வந்ததோ, யாருக்குத் தெரியும். மறுவாரம் மீதித் தோட்டத்தையும் எரித்தாள். கருஞ்சிவப்பு அந்த வருஷம் இரு வீட்டிலும் பூக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் நெடுஞ்சாலை ஓரம் வேறு ஊர்ப் பெண்கள் வாளி வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஜிபாரா திட்டு விழும் என்று காத்திருந்தாள். தமாரா கத்தியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அல்லது காலில் விழுந்திருப்பாள். தமாரா கத்தவில்லை. வேலியோரம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். பஸ் நிலையத்தில் எல்லாரிடமும் போலவே இவளிடமும் "எந்த ஊரு?" என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் தமாரா வீட்டை விற்றாள். ஓம்ஸ்கில் இருந்த மகளிடம் போகிறாள் என்று கடைக்காரி சொல்லித்தான் ஜிபாராவுக்குத் தெரிந்தது. தமாரா கிளம்புகிற அன்று ஜிபாரா ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். பயணம் போகிறவர் அதில் ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போவார்; திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும் என்பதற்காக வீட்டில் அதைப் பத்திரப்படுத்துவார்கள். இத்தனை வருஷம் இங்கே இருந்த தமாராவுக்கு அது தெரியாததல்ல.

மூட்டைகள் காரில் ஏறிக்கொண்டிருந்தன. தமாரா ரொட்டியைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"நான் திரும்பி வரப்போறதில்ல ஜிபாரா. கடிச்சு வெச்சு எதுக்கு?"

"அக்கா, நான் அன்னிக்கே பிடுங்கியிருக்கணும்."

"ஆமா."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

தமாரா கையுறையைப் போட்டுக்கொண்டாள். அவள் எப்போதும் பொய் சொல்லத் தெரியாதவள்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. உன் எடத்துல நானும் பிடுங்கியிருக்க மாட்டேன்னுதான் தோணுது" என்றாள். "ஆனா அது மன்னிப்பு இல்ல. தோட்டத்தைப் பாத்தா இன்னும் எனக்கு வயிறு எரியுது. அதுக்கு நான் என்ன பண்ண? உள்ள போ, குளுருது."

கார் போயிற்று. ஜிபாரா சூடு ஆறிய ரொட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தாள். அன்றிரவு எசென் அதைத்தான் சூப்பில் முக்கித் தின்றான்.

அடுத்த வசந்தத்தில் நிலவறையிலிருந்து காலுறைகளை இறக்கினாள். கையில் எடுக்கும்போதே காலி நத்தை ஓடுபோல் கனமற்று இருந்தன. மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாக உரித்தாள். உள்ளே கறுத்த தூள். மிர்லானின் குட்டிகளில் ஒரு கைப்பிடி மட்டும் கெட்டியாக இருந்தது. அவற்றை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஓட்டைக் கீறி, ஜன்னல் ஓரத்துத் தொட்டியில் புது மண் நிரப்பி நட்டாள். புது மண்ணுக்காக எசென் பஸ் ஏறி மலையடிவாரம் வரை போய் கால் சாக்கு மண் தூக்கி வந்திருந்தான். மே வரை காத்திருந்தார்கள். ஜூன் வரை காத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை. ஒருநாள் அவள் விரலை விட்டுத் துழாவினாள். ஓடுகள் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை.

"விடு" என்றான் எசென்.

"விட்டுத்தான் ஆகணும்" என்றாள்.

தமாராவின் வீட்டை வாங்கிய இளம் தம்பதி அந்தப் பக்கம் தக்காளி போட்டார்கள். அந்தப் பெண் ஒருமுறை வேலியோரம் வந்து, "அத்தை, உங்ககிட்ட கருஞ்சிவப்பு கிளாடியோலஸ் இருக்குமாமே, ஊர்ல சொல்றாங்க, ரெண்டு கிழங்கு குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இருந்துச்சு" என்றாள் ஜிபாரா. "வேற எங்கயாவது வாங்கினாலும் இந்த மண்ணுல வைக்காத. வராது."

அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். 

முற்றம் வெறுமனே கிடந்தது. கடைசியில் எசென்தான் ஒரு சாக்கு விதை உருளைக்கிழங்கு வாங்கி வந்து, நடுப் பாத்தியிலும் வாய்க்கால் ஓரத்திலும் நட்டான். ஜிபாரா தடுக்கவில்லை, உதவிக்கும் போகவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒவ்வொரு குழியையும் வெட்டிவிட்டு, முதுகை நிமிர்த்த முடியாமல் மண்வெட்டிமேல் சாய்ந்து நிற்பான். பிறகு அடுத்ததற்கு நகர்வான்.

உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது. மண்ணுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. முதல் தடவை அதை வேகவைத்து வெண்ணெய் தடவி அவன்முன் வைத்தபோது அவளால் வாயில் வைக்க முடியவில்லை. எசென் ஒன்றை உடைத்து, ஊதி ஆற்றி, அவள் தட்டில் போட்டான்.

"சாப்பிடு" என்றான். "இல்லாட்டி என்ன பண்ணப் போறோம்?"

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் இருவரும் அதைத்தான் தின்றார்கள்.